குறைத்துச் சொன்ன வயது

"மணி ஆறரை! ஊரே எழுந்து பாதி வேலையை முடிச்சாச்சு. நம்ம வீட்டு மகாராணிக்கு மட்டும் இன்னும் விடியலை போலிருக்கு!"

மாமியாரின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. மருமகள் எழுந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எழுந்து நிற்பதற்கான தெம்பைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பல் துலக்கித் துப்பிய நுரையில் இன்றும் சிவப்பு. யார் கண்ணிலாவது பட்டால் அதற்கும் ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்று குழாயை முழுவதுமாகத் திறந்து கழுவிவிட்டாள்.

"வந்துட்டேன் அத்தை..."

"வந்துட்டியா? ரொம்ப சந்தோஷம். பள்ளிக்கூடச் சீருடை பதினெட்டு பாவாடை அப்படியே கிடக்கு. நேத்தும் வந்து கேட்டுட்டுப் போனாங்க. மெஷின் மேலயே தலையை வச்சுத் தூங்கினா பாவாடை தானா தச்சுக்குமா?"

"உடம்பு முடியலை அத்தை. உட்கார்ந்தாலே கண்ணு சொருகுது..."

"எப்பப் பாரு உடம்பு, உடம்பு! மூணு வருஷமா ரத்தம் எடுத்துப் பாக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் பயமில்லைன்னுதானே எழுதிக் குடுத்தாங்க? அப்போ காகிதம் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தன் டம்ளரை எடுத்தாள். அதன் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. அவளுடைய தட்டிலும் அதே பொட்டுதான். மற்றவர்களின் பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாதே!

அந்தப் பொட்டுக்கு மூன்று வயது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், வேலை செய்த இடத்தில் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவ, முதலில் கையை நீட்டியவள் அவள்தான். அந்த ரத்தம் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அதில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தது. நேற்று வந்ததல்ல, பிறந்தபோதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவளுடைய தாய் வயிறு வீங்கித்தான் செத்துப்போனாள். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது, வீட்டில் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் அன்று மாலையே மாமியார் பேத்தியின் நகப்பூச்சைத் தேடி எடுத்துவிட்டாள்.

காலைச் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு காகிதத்தை விரித்தாள். இருபத்தொரு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் டெக்னீஷியன். பேச்சிலும் வேலையிலும் கறார்.

"சித்தி, உங்க ரிப்போர்ட். இந்தத் தடவை கொஞ்சம் ஏறியிருக்கு. ரெண்டு புள்ளி ஏழு ஏழு."

"ஏறினா நல்லதா, கெட்டதா?" என்று கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

"ஒன்னரைக்குக் கீழ இருந்தா கல்லீரல்ல தழும்பு அதிகமில்லைன்னு அர்த்தம். மூணேகாலைத் தாண்டினா நிறைய தழும்பு விழுந்திருக்கலாம்னு பயப்படணும். இது ரெண்டுக்கும் நடுவுல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னு எங்க டாக்டர் சொல்லிட்டார்."

"கேட்டுக்கோ! நடுவுலயாம். ஒண்ணுமில்லாததுக்கு நாலு நாள் படுக்கை!" என்றாள் மாமியார்.

"முன்னல்லாம் ஈரல்ல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும் பாட்டி. இப்போ ரத்தத்தை வச்சே கணக்குப் போட்டுடறாங்க. நாலே நாலு விஷயம் தெரிஞ்சாப் போதும். ஈரல்லேர்ந்து ரத்தத்துல கசியற ரெண்டு என்சைம், ரத்தம் உறைய வைக்கற தட்டணு, அப்புறம் வயசு."

கரண்டி ஒன்று தரையில் விழுந்தது.

"வயசா?" என்றாள் அவள். "ரத்தத்துக்கும் வயசுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"என்ன சித்தி இப்படிக் கேக்கறீங்க? முதல் பெருக்கலே வயசுதான். வயசு ஏற ஏற நம்பரும் ஏறும்."

அவள் மெல்ல நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மாமியாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம், அப்போது மேசையின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. கணவனும் மகளும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்கள்.

அந்த விஷயம் இதுதான். தாய் போனபோது மருமகளுக்கு வயது பத்தொன்பது. கீழே மூன்று பேர். தையல் கடையில் இயந்திரத்தை மிதித்து மிதித்து மூவரையும் கரையேற்றி நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு முப்பத்து நாலு ஆகியிருந்தது. அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் மாமியார், மனைவியை இழந்த தன் மகனின் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சட்டை தைக்க வந்தாள். அழுது அழுது ஓய்ந்திருந்த குழந்தை, அளவெடுத்தவளின் மடியிலேயே தூங்கிவிட்டது.

"இது என் கையில தூங்கி மாசம் ஒண்ணாச்சு. நீ என் வீட்டுக்கு வந்துடும்மா," என்று மாமியார் அன்று கெஞ்சினாள். "ஒரே ஒரு சிக்கல்தான். என் பிள்ளைக்கு இருபத்தொன்பது. தன்னைவிட மூத்தவளைக் கட்டினா ஊர் சிரிக்கும்பான், செத்தாலும் சம்மதிக்க மாட்டான். நாம இருபத்தஞ்சுன்னு சொல்லிடுவோம். உனக்கு அந்த வயசுதான்னு அடிச்சுச் சொல்லலாம். இது உன்னோடயும் என்னோடயும் போகட்டும். என் தலைமேல சத்தியம் பண்ணு!"

மடியில் தூங்கிய குழந்தையைப் பார்த்துக்கொண்டே அவள் சத்தியம் செய்தாள். அதற்கப்புறம் அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. 'இருபத்தாறு வயசுப் பொண்ணுக்கு ஏன் இப்படி?' என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது மாமியாரும் அதையே கேட்டாள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சமையலறையில் இருவரும் தனியானதும் அவள் கேட்டாள்.

"அத்தை... காதுல விழுந்துதா?"

"விழுந்துது, விழுந்துது." மாமியார் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். "ஒன்பது வயசுல என்ன பெரிசா மாறிடப் போகுது? நடுவுலன்னுதானே சொன்னா?"

"நமக்கென்ன தெரியும்? ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமே..."

"யார்கிட்ட கேப்ப? என் பிள்ளைகிட்டயா? நாலு பேர் முன்னாடி அவன் தலைகுனியணுமா? பண்ணின சத்தியம் மறந்து போச்சாடி?"

"மறக்கலை அத்தை," என்றாள் அவள். மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் உயிர் யாருக்கும் வெல்லம்தான். மூன்றாம் நாள் மதியம், தையல் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் ரத்தக் குழாய்களைச் சுழற்றி உறுமிக்கொண்டிருந்தது. மகள் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள்.

"என்ன சித்தி, இங்கயே வந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தையலுக்குக் குடுக்கற அம்மா ஒருத்தங்க... அவங்க ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்லச் சொன்னாங்க." அவள் துணி அளவு குறிக்கும் சீட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். "ஒரு என்சைம் அறுபத்தாறு. இன்னொண்ணு நாப்பத்தொன்பது. தட்டணு நூத்தம்பது. வயசு... ஐம்பத்து மூணு."

மகள் கால்குலேட்டரைத் தட்டினாள். முகம் மாறியது.

"மூணு புள்ளி மூணு மூணு. மூணேகாலைத் தாண்டிடுச்சு சித்தி! அவங்களை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. ஈரல் எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு ஸ்கேன் பண்ணணும். ஆறு மாசமெல்லாம் காத்திருக்கக் கூடாது. யாரு அவங்க?"

"சொல்லிடறேம்மா..." அவள் சீட்டை மடித்து எழுந்தாள். 

"இருங்க." மகள் அந்தச் சீட்டைப் பிடுங்கினாள். "அறுபத்தாறு, நாப்பத்தொன்பது, நூத்தம்பது... இது என் கையால டெஸ்ட் பண்ணின ரத்தம். உங்க நம்பர் இது! அப்போ ஐம்பத்து மூணுங்கறது... சித்தி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தொன்று என்ற வயதுக்கு வந்த எண் ஒன்று புள்ளி மூன்று ஒன்பது. பயமில்லை என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. ஐம்பது என்று மாற்றிப் போட்டாள். ஒன்று புள்ளி ஏழு என்று வந்தது.

"அன்னைக்கே நடுவுலன்னு வந்திருக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்து எப்பவோ ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாங்க!" அவள் குரல் உடைந்தது. "அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். மூணு வருஷம் சித்தி! வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான்தான் உங்க கையில ஊசி குத்தி, நான்தான் பயமில்லைன்னு பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். நீங்க முடியலைன்னு சொன்னப்போ நானும்தானே நம்பலை... யாரு குறைச்சாங்க வயசை? சொல்லுங்க, யாரு?"

"நான்தான்," என்றாள் அவள்.

"நீங்களா?"

"கல்யாணம் ஆகணுமேன்னு ஒரு ஆசை. குறைச்சுச் சொல்லிட்டேன்."

மகள் அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பைத் தாங்குவது ஊசி குத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறைத்துவிடலாமே என்று அவள் கெஞ்சியும் மகள் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா கையெழுத்துப் போட்டு எடுத்த பெரிய ஆஸ்பத்திரி அட்டையில் வயதை மாற்ற அவர் கையெழுத்தே வேண்டும்.

அன்று மாலை அந்த வீட்டில் இடி விழுந்தது.

"என்னைவிட அஞ்சு வயசு பெரியவளா நீ?" கணவன் கூடத்தில் நின்று கத்தினான். "பத்தொன்பது வருஷம்! பத்தொன்பது வருஷம் என் பக்கத்துலயே இருந்து ஏமாத்தியிருக்க! வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்கடி... ஆஸ்பத்திரியில நானே என் கையால நாப்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்தேனே, பக்கத்துல நின்னுகிட்டு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அன்னைக்கு நீங்க இடுப்பு ஒடிஞ்சு கிடந்தீங்க," என்றாள் அவள் மெதுவாக.

"பேசாதே! இதுல இன்னும் எத்தனை பொய்யோ? கிருமி இருக்கறதும் உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

அவள் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும். மாமியாரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அப்புறம் அவள் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் மருமகளுக்குள் ஏதோ அடங்கிப்போனது. உள்ளே போய்ப் பையை எடுத்தாள். இரண்டு புடவை, ரிப்போர்ட்டுகள், தையலுக்கு விரலில் மாட்டும் கூடு. வெளியே எங்கே போனாலும் கையோடு கொண்டுபோகும் பழக்கத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளரையும் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வைத்தியத்தை அங்கிருந்து பாத்துக்கறேன். பாவாடை பன்னெண்டு முடிச்சு மடிச்சு வச்சிருக்கேன். மீதி ஆறை யார்கிட்டயாவது குடுத்துத் தச்சுடுங்க."

யாரும் தடுக்கவில்லை. வாசலில் மகள் மட்டும் வந்து பையை வாங்கிக்கொண்டாள். "கோபம் இருக்கு," என்றாள். "ஆனா காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருப்பேன். நீங்களும் இருக்கணும்."

பெரிய ஆஸ்பத்திரியின் பதிவு ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுபடி இப்போ நாப்பத்து நாலு. நீங்க ஐம்பத்து மூணுங்கறீங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல வயசைக் குறைக்கச் சொல்லி வந்தவங்கதான் உண்டு. ஏத்தச் சொல்லி வர்ற முதல் ஆள் நீங்கதாம்மா!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சார், ரத்தக் கணக்கே தப்பாயிடும் சார்," என்றாள் மகள்.

"புரியுதும்மா. ஆனா என் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அட்டை எடுத்தப்போ கையெழுத்துப் போட்டவர் வந்து எழுதிக் குடுக்கணும்."

"அவர் வர மாட்டார். வா, போயிடலாம்," என்று அவள் மகளின் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற?"

திரும்பினாள். மாமியார்! தலைகூட வாரவில்லை. காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது. பின்னால் கணவன், எதற்காக வந்தோம் என்றே தெரியாதவனாக விழித்துக்கொண்டு நின்றான். 'கூட்டிட்டுப் போடா' என்ற ஒரே வார்த்தையைத் தவிர, வழியெல்லாம் அம்மா ஒன்றும் பேசவில்லையாம்.

மாமியார் வரிசையை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, எழுதிக்கோங்க. ஐம்பத்து மூணு!"

"நீங்க யாரும்மா?"

"குறைச்சது நான்தான். பொய்யைச் சொன்னவ நான். அதை நெஞ்சுல கட்டிச் சுமந்தவ இவ." மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. "மூத்தவளைக் கட்ட மாட்டேன்னு நீ ஒத்தைக் கால்ல நின்னே. இங்க குழந்தை தூக்கமில்லாம துரும்பா இளைச்சுக்கிட்டிருந்துது. இவ வரமாட்டேன்னுதான்டா சொன்னா. நான்தான் கெஞ்சினேன், என் தலைமேல சத்தியம் வாங்கினேன்! வயித்துல ரெண்டு கலைஞ்சப்போ, நாலு பேர் முன்னாடி நானே இவளைக் கேலி பேசினேன். வாயைத் திறந்தாளா? நேத்து நீ அவ்வளவு பேசினியே, அப்பவாவது திறந்தாளா? என் மானத்தை அவ காப்பாத்தினா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்..."

"அத்தை, வேண்டாம்... எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும்டி! நல்லாப் பாக்கட்டும்!"

கணவன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.  "மன்னிச்சுடு" என்று அவன் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல அவளுக்கு நாள் வேண்டியிருந்தது.

ஸ்கேன் முடிய மதியமாகிவிட்டது. டாக்டரம்மா கணினித் திரையைப் பார்த்தபடி நிதானமாகப் பேசினார்.

"ரத்தக் கணக்கு சந்தேகப்பட்டது சரிதான். கல்லீரல் கெட்டிப்பட்டுப் போச்சு. தழும்பு ரொம்ப தூரம் போயிருக்கு. இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிக்கிறோம். தினமும் சாப்பிடணும், நீங்களா நிறுத்தக் கூடாது. இனிமே மோசமாகாம நிறுத்திப் பிடிக்கலாம். சில பேருக்குத் தழும்பு கொஞ்சம் குறையவும் செய்யும், உங்களுக்கும் குறையும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கட்டி ஏதாவது வருதான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும்."

"மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று மாமியார் கேட்டாள்.

"பாட்டி, அதை இப்போ எதுக்கு..." என்று மகள் தடுத்தாள்.

"எனக்குத் தெரியணும்."

டாக்டரம்மா திரையிலிருந்து திரும்பினார். "வந்திருந்தா இந்த அளவுக்குப் போகாம தடுத்திருக்கலாம்மா."

வெளியே வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் மாமியார் உடைந்துபோனாள். மருமகளின் வீங்கிய கால்களைப் பார்த்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "சோம்பேறின்னேனே... மகாராணின்னேனே... காகிதம் பொய் சொல்லுமான்னு கேட்டேனே! காகிதத்தைப் பொய் சொல்ல வச்சவளே நான்தானேடி!"

மருமகள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்த வீட்டில் அழுகிறவர்களைத் தேற்றுகிற வேலை எப்போதும் அவளுடையதுதான். இன்று அவளுக்கும் அழுகை வந்தது, அடக்காமல் அழுதாள். கோபமும் இருந்தது. போன மூன்று வருஷம் யார் அழுதாலும் திரும்பி வராது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மகள் மாத்திரை வாங்கி வந்து அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். "சாப்பிடுங்க சித்தி," என்றாள். நேற்றிருந்த வெறுப்பு அந்தக் குரலில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வயதில் சாய்ந்ததைப் போலவே அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தியா... ஒரே நாள்ல எனக்கு ஒன்பது வயசு ஏறிப்போச்சு," என்றாள் அவள். மகள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவள் பையிலிருந்து தன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி மாத்திரையை விழுங்கினாள். பாதித் தண்ணீர் மீதி இருந்தது. அழுது தொண்டை வறண்டுபோன மாமியார் கையை நீட்டினாள்.

"அதைக் குடு."

"ஐயோ, வேண்டாம் அத்தை. இது என்னோட டம்ளர்."

"தெரியும்டி. பொட்டு வச்சவ நான்தானே."

மாமியார் அதை வாங்கி, உதட்டில் வைத்து, மீதியிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தாள்.